நுரை வராத திங்கட்கிழமை

அத்தியாயம் 6

சுங்கம், ரேடியோ என்ற துப்பறியும் ஜோடியைப் பல் டாக்டரம்மா கூப்பிட்டது திருடியைக் கண்டுபிடிக்க அல்ல. திருடி யார் என்பதைத் திங்கட்கிழமை சாயங்காலமே அவர் முடிவு கட்டிவிட்டார். பொருள் எங்கே என்று மட்டும் சொன்னால் போதும், மிச்சத்தைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றார். அதற்கும் ஒரு கெடு. இன்று புதன், மணி ஐந்து. ஆறு மணிக்குள் தம் அம்மாவின் மோதிரம் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் ஸ்டேஷனில் புகார்.

"பல்லு புடுங்கறதுக்கு நேரம் குடுக்கற மாதிரியே குடுக்கறாங்க சார்," என்று லிஃப்டில் ரேடியோ முணுமுணுத்தாள்.

சுங்கம் மாடி எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுங்க இலாகாவில் முப்பது வருஷம் பிறத்தியார் பெட்டியைக் குடைந்ததில் சொந்தப் பெயர் மறைந்து அந்தப் பட்டமே நிலைத்துவிட்டது. மனிதர் பேச்சில் மகா கஞ்சம். அந்தக் குறையை ரேடியோ வட்டியும் முதலுமாக ஈடு கட்டினாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்து பேசியவள். எக்ஸ்சேஞ்சை மூடிவிட்டார்கள், அவள் வாயை மூட ஆள் கிடைக்கவில்லை.

ஒன்பதாவது மாடி. கூடத்தின் ஒரு சுவர் நீளத்துக்கு மீன் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர், பாறைகள், பவளம், பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் இரண்டு. தொட்டியின் வலது மூலையை ஒட்டிச் சக்கர நாற்காலி. அதில் டாக்டரின் அப்பா. கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. வலது கை ஒரு சின்னத் தலையணை மேல் கிடந்தது. அவர் உட்கார்ந்தபடியே பார்க்கத் தோதாகத் தொட்டியைத் தாழ்வான ஸ்டாண்டில் வைத்திருந்தார்கள். இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு குட்டி மேசை, அதற்கு ஒரு டிராயர். மோதிரம் அந்த டிராயரில்தான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை நானே பார்த்தேன், இருந்துச்சு," என்றார் டாக்டர். "திங்கட்கிழமை சாயங்காலம் நான் வந்ததும் அப்பாதான் இடது கையால டிராயரைக் காட்டினார். தொறந்தா டப்பா காலி. பகல் முழுக்க வீட்ல இருந்தது இவரும் அந்தம்மாவும்தான். இவரால எழுந்திரிக்க முடியாது. அப்புறம் யாரு?"

அந்தம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எல்லோருக்கும் நர்ஸக்கா. திங்கட்கிழமை அவரை வெளியே அனுப்பிப் பையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இன்று விசாரணைக்கு என்று சொல்லி வரவழைத்திருந்தார்கள்.

"பையைக் கொட்டிப் பார்த்தேன்," என்று டாக்டர் சோபாவைக் காட்டினார். "ரெண்டு புடவை, சோப்பு டப்பா, சீப்பு. அதோட எங்கப்பா சட்டை ஒண்ணு. சட்டையைக்கூட விட்டு வைக்கல. கேட்டா, பட்டன் தைக்க எடுத்தேன்னு கதை."

"நான் மோதிரத்தை எடுக்கல," என்றார் நர்ஸக்கா.

ரேடியோ அவரைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். ஆளைப் பேச வைப்பது அவள் இலாகா.

"அக்கா, திங்கட்கிழமை மத்தியானம் என்ன நடந்துச்சு?"

"மூணு மணிக்கு ஐயா கைக்கும் காலுக்கும் எண்ணெய் தேய்ச்சேன். ஊறட்டும்னு விட்டுட்டு, கை கழுவி, மொட்டை மாடிக்குப் போய்க் காஞ்ச துணிய எடுத்துட்டு வந்தேன். கால் மணி நேரம் ஆயிருக்கும்."

"வந்தப்போ ஏதாவது மாறியிருந்துச்சா?"

நர்ஸக்கா வாயைத் திறந்து, ஏனோ மூடிக்கொண்டார். "இல்ல."

அந்த இடைவெளி ரேடியோவுக்குப் பிடிக்கவில்லை. "இதுக்கெல்லாம் ஜெயிலா போடப் போறாங்க?" என்று தைரியம் சொல்லப் பார்த்தாள்.

"ஜெயிலுக்கு நான் பயப்படல. புகார்னு ஒண்ணு போனாலே ஏஜென்சில பேரை அடிச்சிடுவாங்க. அப்புறம் எந்த வீட்லயும் ஒரு நோயாளியத் தொட விடமாட்டாங்க. எனக்கு வேற வேலை தெரியாதும்மா."

"பொருள் கெடைச்சுட்டா உங்க தலை தப்பிச்சுது. நாங்க கண்டுபிடிச்சுக் குடுக்கறோம், போதுமா?" என்றாள் ரேடியோ. வாக்குக் கொடுப்பதற்கு அவள் என்றைக்கும் யோசித்ததில்லை.

கூடத்தில் யாரோ புலம்பும் சத்தம் கேட்டது. தொட்டியைப் பராமரிக்க வரும் ஆள் வந்திருந்தார். புதனும் ஞாயிறும் அவருடைய முறை. வீட்டில் திருட்டு போயிருக்கிறது, ஆட்கள் கூடியிருக்கிறார்கள், எதையும் அவர் சட்டை செய்யவில்லை. தொட்டியின் பக்கவாட்டில் மாட்டியிருந்த ஒரு முழ உயரக் குழாயின் தலையிலிருந்து பிளாஸ்டிக் கப்பைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே காப்பிக் கலரில் ஒரு திரவம். நாற்றம் கூடத்தைத் தூக்கியது.

"மீன்காரரே, என்ன அது கண்றாவி?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள் ரேடியோ.

"மீன்காரர்னா விக்கிறவர். நான் வளர்க்கிறவன்." அவர் கோபித்துக்கொண்டே விளக்கினார். "இதுக்குப் பேரு ஸ்கிம்மர். உள்ள பொடிப் பொடியா காத்துக் குமிழ் விடும். மீனோட கழிவு, மிஞ்சின தீனி, எல்லா அழுக்கும் குமிழ்ல ஒட்டிக்கிட்டு நுரையா மேல ஏறி இந்தக் கப்புல விழும். தண்ணி சுத்தமாயிடும். நல்ல தண்ணியில இது நடக்காது, உப்புத் தண்ணியிலதான் அவ்வளவு பொடிக் குமிழ் வரும்."

"எங்க சொந்தக்காரங்களுக்கு நடுவுல ஒண்ணு மாட்டலாம் சார்," என்றாள் ரேடியோ.

சுங்கம் சிரிக்கவில்லை. கப்பையே பார்த்தார். "ஏன் புலம்புறீங்க?"

"கணக்கு உதைக்குது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கழுவி மாட்டினேன். இந்தத் தொட்டிக்கு நாளுக்கு ஒரு விரக்கடை. மூணு நாளைக்கு மூணு விரல் இருக்கணும். ரெண்டுதான் இருக்கு. ஒரு நாள் நுரையே வரல. கரண்ட் போகல, மோட்டார் நிக்கல. அப்படின்னா யாரோ தொட்டிக்குள்ள கை விட்டிருக்காங்க. எண்ணெய்க் கை. துளி எண்ணெய் தண்ணியில எறங்கினாப் போதும், நுரை செத்துடும். திரும்ப ஏற ஒரு நாள் ஆகும்."

சுங்கம் டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்க அப்பாவைப் போட்டோ எடுக்கறதுண்டா?"

"தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு. அப்பாவும் நானும். சொந்தக்காரங்க குரூப்ல போடுவேன். ஏன்?"

போன் ரேடியோவின் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் அப்பாவின் தலைக்குப் பின்னால் ஸ்கிம்மரின் கழுத்து நிறைய வெள்ளை நுரை. திங்கட்கிழமை ஆறு மணிப் படத்தில் கழுத்து சுத்தமாகக் காலி, பின்னால் இருக்கும் சுவர் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை படத்தில் பாதி நுரை. எந்தப் படத்திலும் அப்பாவின் முகத்தில் குறையாத சந்தோஷம். படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள் ரேடியோ. மூன்று மாதத்துக்குத் தினம் ஒன்று. அதற்கு முந்தைய படம் அதிலிருந்து பதினொரு மாதம் தள்ளி, ஏதோ கல்யாண மண்டபத்தில். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுங்கத்தின் மூக்குக்கு நேராகப் போனை நீட்டிக் காட்டினாள், அவ்வளவுதான்.

"திங்கட்கிழமை ஆறு மணிக்கு முன்னாடி ஒரு கை உள்ள போயிருக்கு," என்றார் சுங்கம். "மீனைத் தடவிக் குடுக்கப் போயிருக்காது."

அவர் தொட்டியின் இடது ஓரத்திலிருந்து மெல்ல நடந்தார். பெட்டியைப் பார்க்காதே, பெட்டிக்காரன் முகத்தைப் பார் என்பது அவர் தொழில் பாடம். மூன்று மாதமாகத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, சுங்கம் வலது மூலைக்குப் போனதும் ஜன்னலைப் பார்த்தார்.

"இந்த மூலைப் பாறை," என்றார் சுங்கம்.

பராமரிப்பவரின் கை உலக்கை. இடுக்கில் நுழையாது. ரேடியோ கையை நீட்டினாள். அவர் சம்மதிப்பதாக இல்லை.

"என்ன சாப்பிட்டீங்க?"

"வர்ற வழியில சிப்ஸ்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு, வெந்நீரும் உப்பும் போட்டு முழங்கை வரை தேய்க்க வைத்தார். சோப்பைத் தொடக்கூட விடவில்லை. ஆரஞ்சு மீன் இரண்டு தடவை அவள் விரலைக் கடித்தது. "வீட்டுக்காரம்மாவ விட இது கடுசா இருக்கு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாறைப் பொந்துக்குள் விரலை விட்டவள், வளையமாக ஏதோ தட்டுப்பட்டதும் பேச்சை நிறுத்தினாள்.

ஒற்றைக் கல் மோதிரம். மணி ஐந்து நாற்பது.

ரேடியோ சமையலறை வாசலைப் பார்த்து ஜெயித்துவிட்டதாகத் தலையாட்டினாள். நர்ஸக்கா தலையாட்டவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

"எண்ணெய்க் கை," என்றார் டாக்டர், ஒவ்வோர் எழுத்தாக. "இந்த வீட்ல எண்ணெய் தொடறது ஒரே ஒரு கை. ஒளிச்சு வச்சுட்டு சமயம் பார்த்து எடுக்கலாம்னு இருந்திருக்காங்க. ரொம்ப தேங்க்ஸ் சார். சாட்சியோட பிடிச்சுக் குடுத்துட்டீங்க."

பொருள் கிடைத்தால் தலை தப்பும் என்று அரை மணி நேரத்துக்கு முன்னால் வாய் கிழியச் சொன்னவள் ரேடியோ. அந்தத் தலைக்குக் கயிற்றை எடுத்துக் கொடுத்ததும் அவளுடைய இதே ஈரக் கைதான்.

"சார், ஏதாவது சொல்லுங்க," என்றாள்.

சுங்கம் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கிம்மருக்குக் கீழே மரத்தரை நாலு பலகை அகலத்துக்கு உப்பிக் கறுத்திருந்தது. "டாக்டர், இது என்னாச்சு?"

"அது... ரெண்டு மாசம் முன்னாடி. கிளினிக்லேருந்து வந்து கை கழுவிட்டு, சாஞ்சிருந்த பவளத்தை நிமிர்த்தினேன்."

"சோப்புக் கை," என்று பராமரிப்பவர் பல்லை நறநறத்தார். "எண்ணெய் நுரையைக் கொல்லும், சோப்பு பொங்க வச்சிடும். கப்பு ரொம்பி, வழிஞ்சு, தரையே போச்சு. அதுக்கப்புறம்தான் கை விடாதீங்கன்னு எழுதி ஒட்டினேன்."

"நர்ஸக்கா, கையைக் காட்டுங்க."

நர்ஸக்கா நீட்டினார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தோல் வெளுத்து, உலர்ந்து, கணுவுக்குக் கணு வெடித்திருந்தது. முகத்துக்கும் கைக்கும் பத்து வயது வித்தியாசம்.

"எண்ணெய் தேய்ச்சு முடிச்சா?"

"முழங்கை வரைக்கும் ரெண்டு தடவை சோப்பு. எந்த வேலை முடிச்சாலும் அப்படித்தான். ஆஸ்பத்திரில இருபது வருஷம், சார். அது தானா வந்துடும்."

"பையிலகூட சொந்தமா சோப்பு டப்பா," என்றாள் ரேடியோ, மூச்சுத் திரும்பியவளாக. "இந்தக் கை தொட்டிக்குள்ள போயிருந்தா திங்கட்கிழமை கூடமே பொங்கியிருக்கும்."

"அன்னைக்கு ஒரு நாள் கழுவாம விட்டிருக்கலாமே," என்றார் டாக்டர்.

"விட்டிருக்கலாம்," என்று சுங்கம் ஒப்புக்கொண்டார். "அதனாலதான் எனக்கு அந்தச் சட்டை வேணும்."

அவர் சோபாவை நோக்கி நகர்ந்ததும் நர்ஸக்கா குறுக்கே வந்தார். இரண்டு நாளாகத் திருடி என்ற பேச்சைக் கேட்டும் குரலை உயர்த்தாதவர் இப்போது கெஞ்சினார். "சார், அது வேண்டாம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பட்டன் தைக்க எடுத்தது சார்."

தனக்காகக் கெஞ்சாதவர் ஒரு சட்டைக்காகக் கெஞ்சுகிறாரே என்று ரேடியோவுக்கு உறைத்தது. எங்கேயோ ஒரு வயர் மாற்றிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

சுங்கம் சட்டையை விரித்தார். பட்டன் அத்தனையும் அதனதன் இடத்தில் இருந்தது. சட்டையின் இடது கை துவண்டு தொங்கியது. வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை விறைத்து, வெள்ளை பூத்து நின்றது. அவர் விரலால் தேய்த்து நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார்.

ஸ்கிம்மர் மட்டும் சளசளத்தது.

"திங்கட்கிழமை இந்தச் சட்டை யார் மேல இருந்துச்சோ, அவரோட வலது கைதான் உள்ள போச்சு. மூணு மணிக்கு எண்ணெய் தேய்ச்ச கை. ஊறணும்னு கழுவாம விட்ட கை."

எல்லோரும் தலையணை மேல் கிடந்த கையைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. அதற்குச் சொந்தக்காரர் மட்டும் அதைப் பார்க்காமல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவால விரலைக்கூட மடக்க முடியாது," என்றார் டாக்டர். "அப்பா?"

மூன்று மாதமாக ஒற்றைச் சொல்லை உடைத்து உடைத்துப் பேசிக்கொண்டிருந்தவர், இப்போது ஒரு சொல்கூடச் சிதறாமல் பேசினார்.

"வியாழக்கிழமை நரம்பு டாக்டர் கையைச் சோதிக்க வர்றார், அவர்கிட்ட என்னால பொய் சொல்ல முடியாது ஐயான்னு இவ சொன்னா."

ரேடியோ நர்ஸக்காவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு மாசமா தெரியும். எண்ணெய் தேய்க்கும்போது விரல் என் கையைப் பிடிச்சுது. நான் சந்தோஷத்துல டாக்டரம்மாவுக்குப் போன் போடப் போனேன். ஐயா அழுதார். குணமாயிட்டேன்னு தெரிஞ்சா அவ வரமாட்டா, சொல்லாதேன்னார். சொல்லலைன்னு வாக்குக் குடுத்தேன். திங்கட்கிழமை மாடிலேருந்து வந்தப்போ சட்டைக் கை நனைஞ்சிருந்துச்சு. ஏதோ ஆசைக்கு மீனைத் தொட்டிருக்கார்னு நெனச்சேன். யார் கண்லயும் படக் கூடாதுன்னு சட்டையை மாத்திட்டு நனைஞ்சதைப் பையில வச்சேன். துவைச்சு எடுத்துட்டு வரலாம்னு. சாயங்காலம் ஐயாவே டிராயரைக் காட்டினப்போதான் எனக்குப் புரிஞ்சுது."

"வியாழக்கிழமைக்கு முன்னாடி அவங்களை வெளியே அனுப்ப, மோதிரத்தை அவங்க பையில போட்டிருந்தா வேலை சுலபம்," என்றார் சுங்கம் பெரியவரிடம். "மனசு வரல. நம்பிக் குடுக்க முடியல. கண்ணெதிர்லயே இருக்கட்டும்னு மீன்கிட்ட குடுத்தீங்க."

பெரியவர் நர்ஸக்காவைப் பார்த்தார். "நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன்."

"சொல்லணும்னு இருந்தா, என் பையை இந்தத் தரையில கொட்டினாங்களே ஐயா, அப்பவே சொல்லியிருப்பேன்."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் ரேடியோவால் தாங்கியிருக்க முடியும். இல்லை. நர்ஸக்கா சோபாவுக்குப் போய்த் தம் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தார். சட்டையை மட்டும் மடித்து நாற்காலியின் கைப்பிடியில் போட்டார். டாக்டர் குறுக்கே வந்து நின்று, "என்னை..." என்று ஆரம்பித்து, அங்கேயே விட்டார். மன்னிப்புக் கேட்டுப் பழகாத நாக்கு அது.

"ரத்தக் கொதிப்பு மாத்திரை எட்டு மணிக்கு," என்றார் நர்ஸக்கா. "எண்ணெய் இனிமே வேண்டாம். கையை ஆட்டினாப் போதும்."

கிளம்புவதற்கு முன் வாஷ் பேசினுக்குப் போனார். முழங்கை வரை சோப்புப் போட்டார், கழுவினார், மறுபடியும் போட்டார். எதையும் தொடாத கையை அவர் அவ்வளவு நேரம் கழுவுவதைப் பார்த்து ரேடியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய பையை இவள் வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் அப்பாவின் முன்னால் வந்து நின்றார். "ஒரு போன் போட்டு வான்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனாப்பா?"

"போட்டேன்," என்றார் அப்பா. "வேலை இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்னு சொன்னே. நான் விழறதுக்கு முன்னாடி அதுதான் நம்ம கடைசிப் பேச்சு."

டாக்டர் மோதிரத்தையும் போனையும் குட்டி மேசை மேல் வைத்தார்.

"இந்த ரெண்டு நாளா கிளினிக்கை மூடிட்டு என்கூடவே இருந்தே," என்றார் பெரியவர். அதில் குற்ற உணர்ச்சி இருந்ததாக ரேடியோவுக்குப் படவில்லை. கிடைத்ததை எண்ணிப் பார்க்கிற மனிதரின் குரலாக இருந்தது. அவரை வெறுக்க அவளால் முடிந்தது. அந்தக் குரலைத்தான் வெறுக்க முடியவில்லை.

சரியாக ஆறு மணி. குட்டி மேசை மேல் மோதிரத்துக்குப் பக்கத்தில் கிடந்த டாக்டரின் போன் அலறியது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ரேடியோ வாசலிலிருந்து திரும்பி எட்டிப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. மறந்துபோகாமலிருக்க டாக்டர் தினமும் வைத்திருந்த அலாரம் அது. திரையில் பெரிய எழுத்தில் இருந்தது: "அப்பா - போட்டோ."

டாக்டர் போனை எடுக்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பா அதைப் படித்துவிட்டார். ஒரு தடவை படித்து, நம்பாமல் இன்னொரு தடவையும் படித்தார். அலாரம் நிற்கவில்லை.

பெரியவரின் வலது கை தலையணையை விட்டு எழுந்தது. நடுங்காமல், அவசரப்படாமல், மேசையின் குறுக்கே நீண்டு போய், மோதிரத்தைத் தொடாமல் தாண்டி, அலாரத்தை நிறுத்தியது.